ஏகாம்பரம் தாமதம்

மனிதத் தலையில் இருபத்திரண்டு எலும்புகள். அவற்றில் ஒன்று கர்ப்பத்தில் எந்த மாதம் ஒட்டிக்கொள்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர் டாக்டர் ஏகாம்பரம். மீதி இருபத்தொன்றைப் பற்றியும் அவருக்குக் கருத்துகள் உண்டு. யாரும் கேட்டதில்லை.

வயது அறுபத்தாறு. அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஆறு வருடம். ஓய்வு பெற்ற மறுவாரமே குமணன்சாவடிக்கு அப்பால் இருக்கும் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரி அவரை அனாடமி துறைத் தலைவராக எடுத்துக்கொண்டது. பேராசிரியரை எழுபது வயது வரை வைத்துக்கொள்ளலாம் என்று விதி இருக்கிறது. விதி இருப்பதால் வைத்துக்கொண்டிருந்தார்கள். காட்டுப்பாக்கத்து ஃப்ளாட்டிலிருந்து காரில் கிளம்பினால், மெட்ரோ தூண்களுக்கு நடுவே ஊர்ந்து கல்லூரி வருவதற்குள் அன்றைய வகுப்பை மனதுக்குள் ஒருமுறை எடுத்து முடித்துவிடுவார். வந்து இறங்கி அதையே மறுபடி எடுக்க வேண்டியிருப்பதுதான் அலுப்பு. முப்பத்தெட்டு வருடமாக அதே கை, அதே கால், அதே தலை. மனித உடம்பில் யாரும் புதிதாக எதையும் சேர்க்கவில்லை.

அவருடைய கண்டுபிடிப்பு பற்றிச் சொல்ல வேண்டும். மண்டையோட்டின் அடியில், இரண்டு கண்களுக்கும் பின்னால், சிறகு விரித்த வௌவால் போல ஓர் எலும்பு இருக்கிறது. ஸ்பீனாய்டு என்று பெயர். சிசுவில் அது முன்துண்டு, பின்துண்டு என்று இரண்டாக இருக்கும். பிறப்பதற்கு முன்பே இரண்டும் ஒட்டிக்கொள்ளும். கர்ப்பத்தில் ஏழு மாதம் முடிந்ததும் ஒட்டும் என்றன வெளிநாட்டுப் புத்தகங்கள். இளைஞராக இருந்த ஏகாம்பரம் நூற்று நாற்பத்து மூன்று சிசுக்களின் மண்டையோடுகளைப் பார்த்துவிட்டு, நம் ஊரில் எட்டு மாதம் முடிந்துதான் ஒட்டுகிறது, ஒரு மாதம் தாமதம் என்று எழுதினார். அந்த ஒரு வரியை ஒரு பாடப்புத்தகம் எடுத்துப் போட்டுக்கொண்டது. வரியின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் அவர் பெயர். சிலர் வாழ்நாள் முழுக்க உழைத்து அண்ணாநகரில் குடியேறுவார்கள். ஏகாம்பரம் அடைப்புக்குறிக்குள் குடியேறினார்.

மாணவர்கள் அதற்கு 'ஏகாம்பரம் தாமதம்' என்று பெயர் வைத்தார்கள். அவர் வகுப்புக்கு ஐந்து நிமிடம் பிந்தி வந்தாலும் அதே பெயர்தான்.

ஆராய்ச்சி நடந்தது ஓர் அரசு மருத்துவமனையில். குறைமாதத்தில் இறந்து பிறந்த சிசுக்கள் பிரசவ வார்டிலிருந்து கண்ணாடி பாட்டிலில் வரும். சதையைக் கண்ணாடி போலத் தெளியவைத்து எலும்பை மட்டும் சிவப்பாக்கும் ஒரு சாயம் உண்டு. இரண்டு வருடம் அதிலேயே கையை வைத்திருந்ததில் விரல்கள் சிவந்து, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்கள் மருதாணி வைத்த புது மாப்பிள்ளை என்று நினைத்து வாழ்த்துச் சொன்னார்கள். பாட்டில்களின் மேல் சீட்டு ஒட்டி அனுப்பியவர் பிரசவ வார்டு நர்ஸ் ஆக்னஸ். தேதி, சிசுவின் நீளம், மாதம் மூன்றும் உருண்டை உருண்டையான கையெழுத்தில் இருக்கும். பத்தாவது பாட்டிலில் ஏகாம்பரம் கையெழுத்தைக் கவனித்தார். நாற்பதாவது பாட்டிலில் கையெழுத்துக்காரியைக் கவனித்தார். தொண்ணூறாவது பாட்டில் வருவதற்குள் இரண்டு வீட்டிலும் சண்டை போட்டுப் பதிவுத் திருமணம் முடிந்துவிட்டது. அந்தத் தாய்மார்களிடம் அனுமதி என்று எதையும் அப்போது கேட்பதில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பது அவருக்கு வெகு காலம் கழித்து, ஒரு கருத்தரங்கில் தூங்கி விழித்தபோது தோன்றியது.

ஒரு சின்ன இடறல் அப்போதே இருந்தது. சிசுக்கள் எல்லாமே மாதத்துக்குத் தகுந்த நீளம் இல்லாமல் குட்டையாக இருந்தன. வழிகாட்டிப் பேராசிரியரிடம் போய்ச் சொன்னார். நம் ஊர் அம்மாக்களுக்குச் சாப்பாடு ஏது, பிள்ளை குட்டையாகத்தான் இருக்கும், அதையும் ஒரு அட்டவணையாகப் போடு என்றார் அவர். ஏகாம்பரம் போட்டார்.

அதற்குப் பிறகு பதினோரு பேர் வெவ்வேறு ஊர்களில் இதே ஆராய்ச்சியைச் செய்து, ஏகாம்பரம் சொன்னது சரிதான் என்று உறுதிசெய்து டாக்டர் பட்டம் வாங்கினார்கள். அந்தப் பதினோரு பேரில் ஒருவர் நடேசன். இந்த முறை முதலாண்டு செய்முறைத் தேர்வுக்கு வெளித்தேர்வாளராகத் தெற்கிலிருந்து வந்தவர் அவர்தான்.

வெளித்தேர்வாளர் வருவதற்கு என்று ஒரு முறை இருக்கிறது. கார் அனுப்ப வேண்டும். காலை இட்லி கல்லூரி விருந்தினர் அறையில். மாலை கிளம்பும்போது ஒரு சால்வை, ஒரு பெட்டி இனிப்பு. பதிலுக்கு அவரும் ஒரு மரியாதை செய்வார். வாய்மொழித் தேர்வில், உள்ளூர்ப் பேராசிரியர் எதைக் கண்டுபிடித்தாரோ அதையே ஒவ்வொரு மாணவரிடமும் கேட்பார். பேராசிரியர் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்றால் அவருக்குப் பிடித்த எலும்பைக் கேட்பார். இது எந்த விதியிலும் எழுதப்படவில்லை. அதனால் யாரும் மீறியதில்லை. மாணவர்களுக்கும் தெரியும். ஏகாம்பரத்தின் கல்லூரியில் கை கால் தெரியாதவனுக்குக்கூட ஸ்பீனாய்டு தெரியும்.

அன்று காலையிலிருந்து அந்தக் கேள்வியை இருபத்தாறு பேரிடம் கேட்டுவிட்டார் நடேசன். இருபத்தாறு பேரும் எட்டு மாதம் முடிந்து என்று ஒப்பித்தார்கள். ஒவ்வொரு முறையும் நடேசன் ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பிப் புன்னகைத்தார். ஒவ்வொரு முறையும் ஏகாம்பரமும் திருப்பிப் புன்னகைக்க வேண்டியிருந்தது. பதினைந்தாவது புன்னகைக்குப் பிறகு கீழ்த்தாடை மூட்டு வலித்தது. தேர்வைக் கண்காணிக்கச் சுவரில் மாட்டியிருந்த ஒரு கேமரா இதையெல்லாம் டெல்லிக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கேமராவுக்குக் காது கிடையாது என்பதால் டெல்லிக்குப் புன்னகை மட்டும்தான் போயிருக்கும்.

இருபத்தேழாவது, யுவராணி.

கோவில்பதாகைப் பெண். அரசுப் பள்ளியில் படித்து, அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்து வந்தவள். அப்பா முனியன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் காவலாளி. அம்மா பேபி ஆவடியில் ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. முதல் வருட அனாடமியை மூன்று தடவை எழுதி மூன்று தடவையும் ஓரிரு மதிப்பெண்ணில் விட்டிருந்தாள். நான்கு தடவைக்கு மேல் விதி அனுமதிக்காது. இது நான்காவது. இதிலும் தவறினால் மருத்துவப் படிப்பு அதோடு முடிந்தது, வீட்டுக்குப் போக வேண்டியதுதான். செய்முறையில் நாற்பத்தொன்று எடுத்திருந்தாள். வாய்மொழியில் ஒன்பது எடுத்தால் ஐம்பது, பாஸ். இதெல்லாம் மேஜையில் இருந்த தாளில் பென்சிலில் எழுதியிருந்தது. மதிப்பெண்களைப் பகலில் பென்சிலில் போட்டு, மாலையில் ஒத்துப்பார்த்துப் பேனாவில் ஏற்றுவார்கள். ஏற்றியபின் ஆண்டவனே வந்தாலும் மாற்ற முடியாது.

அவள் கழுத்துத் தசைகளைத் தடுமாறாமல் சொன்னாள். தலைக்குள் நரம்புகள் நுழையும் துளைகளில் ஒன்றை மறந்தாள், பிறகு ஞாபகம் வந்து சொன்னாள். நடேசன் எட்டு வரை போட்டுவிட்டு, ஒன்பதாவதை இனாமாகக் கொடுப்பவர் போல ஸ்பீனாய்டைக் கையில் எடுத்தார். எப்போது ஒட்டும் என்று கேட்டார்.

ஏழு மாதம் முடிந்து, என்றாள் யுவராணி.

நடேசனின் புன்னகை பாதி வழியில் நின்றது. அது வெளிநாட்டுக் கணக்கு, நம் ஊரில் என்ன என்று எடுத்துக்கொடுத்தார். நம் ஊரிலும் அதேதான் என்றாள். புத்தகத்தில் வேறு மாதிரி இருக்கிறதே, சார் பெயரே போட்டிருக்கிறதே என்றார் நடேசன்.

அவள் ஏகாம்பரத்தைப் பார்த்தாள். பயம்தான். ஆனால் இரண்டு வருடமாக உள்ளே வைத்திருந்ததைக் கொட்டிவிடும் பயம்.

"சார், எங்கம்மா பிரசவ வார்டுல ஆயாவா கீறாங்க... இருக்காங்க சார். ஸ்கூல் விட்டா நான் அங்கதான் குந்திகினு படிப்பேன். வர்றவங்கள எத்தினி மாசம்னு கேட்டா, நடக்குற மாசத்ததான் சார் சொல்வாங்க. ஏழு முடிஞ்சி எட்டு பொறந்துட்டா, எட்டுன்னுதான் சொல்வாங்க. எட்டு முடிஞ்சிதுன்னு அர்த்தம் இல்ல சார்."

அது உங்கள் ஊர்ப் பேச்சு, ஆராய்ச்சி என்பது வேறு என்றார் நடேசன்.

"எல்லா அம்மாவும் பத்து மாசம் சுமந்தேன்னுதான் சார் சொல்றாங்க," என்றாள் அவள். "புத்தகத்துல ஒம்பதுதானே சார் கீது."

பக்கத்து மேஜையில் யாரோ சிரித்தார்கள். நடேசன் எட்டைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டு, போகலாம் என்றார். அவள் போனாள். நடேசன் ஏகாம்பரத்தின் பக்கம் குனிந்து, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் சார், இந்தக் காலத்துப் பிள்ளைகள் என்றார்.

ஏகாம்பரம் மனதில் வைத்துக்கொண்டார்.

கோவில்பதாகையில்தான் அவரும் பிறந்தார். அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவள். ஒவ்வொரு சண்டையிலும், உன்னைப் பத்து மாதம் சுமந்தேனே என்றுதான் ஆரம்பிப்பாள். அவர் எம்.பி.பி.எஸ். முடித்த பிறகும் அப்படித்தான் ஆரம்பித்தாள். நூற்று நாற்பத்து மூன்று மண்டையோடுகளைத் தெரிந்த மகனுக்கு, அந்தப் பத்து எங்கிருந்து வந்தது என்று ஒருநாளும் தோன்றவில்லை.

சாப்பாட்டு இடைவேளையில் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆக்னஸுக்குப் போன் செய்தார். சாப்பிட்டாச்சா என்று அவள் கேட்டதற்குப் பதில் சொல்லாமல், அந்தக் காலத்தில் பாட்டில் சீட்டில் மாதம் எழுதினாயே, அது யார் சொன்ன மாதம் என்று கேட்டார்.

"யாரு சொல்லுவா? பெத்தவதான்."

"அது நடக்கிற மாசமா, முடிஞ்ச மாசமா?"

"முடிஞ்ச மாசத்த எவ சொல்லுவா? எட்டுன்னா எட்டு நடக்குதுன்னு. ஏன், இப்ப என்ன அதுக்கு?"

ஏகாம்பரம் நாற்காலியில் உட்கார்ந்தார். ஆக்னஸ் முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள், எதிர்முனையில் மூச்சு எப்படி வருகிறது என்பதைக் கேட்டே விஷயத்தைப் பிடித்துவிடுவாள்.

"நீ சொல்லவே இல்லையே, ஆக்னஸ்."

"நீங்க கேக்கவே இல்லையே. அந்த ரெண்டு வருஷத்துல நீங்க என்னக் கேட்டது ஒண்ணே ஒண்ணு, கட்டிக்கிறியான்னு. அதுக்குச் சரியாத்தான பதில் சொன்னேன்."

மகள் வயிற்றில் இருந்தபோதுகூட இதே குழப்பம் வந்தது. அவர் வாரங்களை எண்ணினார், ஆக்னஸ் மாதங்களை எண்ணினாள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. ஆக்னஸ் கணக்கில் கொஞ்சம் வீக் என்று முடிவுகட்டி, அவளிடம் சொல்லாமல் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தார். அந்தப் பெருந்தன்மை இப்போது நெஞ்சில் கரித்தது.

போனை வைத்துவிட்டு பீரோவிலிருந்து தன் ஆய்வேட்டை எடுத்தார். எழுபத்தெட்டாம் பக்கத்து அட்டவணையில் மாதமும் சிசுவின் நீளமும் இருந்தன. பக்கத்தில் ஒரு வெளிநாட்டுப் புத்தகத்தின் அட்டவணையைத் திறந்துவைத்தார். தன்னுடையதை ஒரு வரிசை மேலே தள்ளி, எட்டை ஏழாக வைத்துப் படித்தார். எல்லாம் பொருந்தியது. எந்தச் சிசுவும் குட்டையில்லை. எந்த எலும்பும் தாமதமில்லை. நம் ஊர் அம்மாக்கள் சாப்பிட்டார்களோ இல்லையோ, பிள்ளைகளை அளவு குறையாமல்தான் வளர்த்திருந்தார்கள். தாமதமாக இருந்தது ஒருவர்தான், அவர் பெயர் அடைப்புக்குறிக்குள் இருந்தது.

ஆச்சரியமாக இருந்தது, அதிர்ச்சியே வரவில்லை. அலுப்புதான் வந்தது. இனி இதை யாரிடமெல்லாம் சொல்ல வேண்டும் என்ற பட்டியலை நினைத்த அலுப்பு.

டிசெக்‌ஷன் ஹால் அட்டெண்டர் பூபாலன் டீ கொண்டுவந்தார். கல்லூரி கட்டுவதற்கு முன்பிருந்தே அந்த இடத்தில் இருப்பவர். செய்தி கேட்காமலே சொல்வார்.

"அந்த கோவில்பதாகை பொண்ணு மாடிப்படியில குந்திகினு அழுதுகினு கீது சார். பசங்க வேற, சயின்டிஸ்ட்டு மேடம் சயின்டிஸ்ட்டு மேடம்னு ஓட்றானுங்க."

என்ன சொன்னார்கள் என்று கேட்டார் ஏகாம்பரம்.

"உனுக்கு இன்னாத்துக்கு இந்த ஆராய்ச்சி, ஊர்ல எல்லாரும் எட்டுன்னா நீயும் எட்டுன்னு சொல்லிட்டு மார்க்க வாங்கினு ஊட்டுக்குப் போவ வேண்டிதானேன்னான் ஒருத்தன். நாயமாத்தான் பட்டுச்சு சார்."

நியாயமாகத்தான் பட்டது ஏகாம்பரத்துக்கும். அவருடைய முழுத் தொழில் வாழ்க்கையும் அந்த அறிவுரைப்படிதான் நடந்திருந்தது.

மூன்று மணிக்கு மேல், பேனாவில் ஏற்றும் நேரம் வந்தது. நடேசன் தேர்வு அறையிலேயே உட்கார்ந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஏகாம்பரம் ஆய்வேட்டையும் புத்தகத்தையும் அவர் முன்னால் விரித்துவைத்து, வரிசையைத் தள்ளிக் காட்டினார். நடேசன் கெட்டிக்காரர். இரண்டாவது எண்ணிலேயே புரிந்துவிட்டது. புரியாத மாதிரி ஏழாவது எண் வரை வந்தார்.

"பதினோரு பேர் உறுதிப்படுத்தியிருக்கோம் சார்," என்றார் கடைசியில்.

"நீங்க மாசத்தை யார்கிட்ட கேட்டீங்க, நடேசன்?"

"நர்ஸ்கிட்ட."

"நர்ஸ் யார்கிட்ட கேட்டாங்க?"

நடேசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொண்டபின்னும் எண்கள் அங்கேயே இருந்தன. தனக்கு இன்னும் நான்கு வருடம் சர்வீஸ் இருக்கிறது, அடுத்த மாதம் துறைத் தலைவர் பதவி வருகிறது, தன் ஆய்வேட்டை வைத்துத்தான் விண்ணப்பமே போட்டிருப்பதாகச் சொன்னார். சார் ஓய்வு பெற்றபின் ஒரு கட்டுரையாக எழுதினால் யாருக்கும் சங்கடமில்லை என்றார். ஓய்வு பெற்றுத்தான் ஆறு வருடம் ஆகிறது என்றார் ஏகாம்பரம்.

தனக்கு இப்போது வேண்டியது ஒரு மதிப்பெண்தான் என்று அவர் சொன்னார். அந்தப் பெண் சொன்னது சரி. சரியான பதிலுக்கு மதிப்பெண் போடாமல் அனுப்பினால் அவள் படிப்பே போய்விடும். நடேசன் யோசித்தார். கல்நெஞ்சர் இல்லை அவர். ஆனால் ஏழு என்பதைச் சரி என்று போட்டால் காலையிலிருந்து எட்டு என்று சொன்ன இருபத்தாறு பேரின் கதி என்ன என்று கேட்டார். அது நல்ல கேள்வி. அன்றைய நாளில் அவர் கேட்ட ஒரே நல்ல கேள்வி.

கடைசியில் ஒரு வழி சொன்னார். ஒரு மதிப்பெண்ணில் நிற்பவர்களைப் பார்டர் கேஸ் என்று மறுபடி கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கும் வழக்கம் எல்லாக் கல்லூரியிலும் உண்டு. கூப்பிடுவோம். சார் கேட்கட்டும். வேறு ஏதாவது எலும்பைக் கேளுங்கள், தொடை எலும்பு மாதிரி வம்பில்லாத எலும்பாக.

ஏகாம்பரம் சரி என்றார். தொடை எலும்பைத்தான் கேட்பதாக இருந்தார். ஆனால் மேஜையில் ஸ்பீனாய்டுதான் இருந்தது. தொடை எலும்புகளைப் பூபாலன் அதற்குள் எண்ணி அலமாரியில் பூட்டிவிட்டார்.

யுவராணி முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். ஏகாம்பரம் எலும்பை அவள் பக்கம் தள்ளி, எப்போது ஒட்டும் என்று கேட்டார். காலையில் சொன்னதையே சொல்லட்டும், இந்த முறை நான் தலையாட்டிவிடுகிறேன் என்பது அவர் திட்டம்.

"எட்டு மாசம் முடிஞ்சி சார்," என்றாள். "நம்ம சிசுக்கள்ல ஒரு மாசம் தாமதம். ஏகாம்பரம்."

மாடிப்படியில் உட்கார்ந்து மனப்பாடம் செய்திருந்தாள்.

நடேசன் முகத்தில் வெளிச்சம் வந்தது. பென்சில் எட்டின் மேல் இறங்கி ஒன்பதாகத் தயாரானது. எல்லாம் முடிந்துவிட்டது. அவள் பாஸ். நடேசன் துறைத் தலைவர். புத்தகம் புத்தகமாக இருக்கும். ஏகாம்பரம் வாயைத் திறக்கவே வேண்டாம், கீழ்த்தாடைக்கும் நல்லது. அந்த இரண்டு மூன்று விநாடிகளில் அவருக்குக் கிடைத்தது நிம்மதிதான், அதை மறைக்க முடியாது. உடம்பு முழுக்கத் தளர்ந்தது. வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்று நினைத்தார்.

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"காலையில தப்பா சொல்லிட்டேன் சார், மன்னிச்சிக்கோங்க. எங்கம்மா பேச்ச கேட்டுக்கினு சொல்லிட்டேன். அது படிக்காதது சார். அதுக்கு இன்னா தெரியும்."

ஏகாம்பரம் அவளைப் பார்த்தார். அவள் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உங்கம்மாவுக்குத் தெரியும்," என்றார். "தெரியாதது எனக்கு. நீ காலையில சொன்னதுதான் சரி."

பென்சில் நின்றது. நடேசன் ஒருமுறை கேமராவைப் பார்த்தார், அதற்குக் காது இல்லை என்பதை நினைத்துக்கொண்டு ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார்.

"அப்ப இப்ப சொன்னது தப்புன்னு ஆயிடுது சார். பார்டர் கேஸ்ல தப்பா சொன்னா மார்க் போட முடியாது. காலையில சொன்னதுக்கு ஏற்கெனவே இல்லைன்னு வட்டம் போட்டாச்சு."

ஏகாம்பரம் அதை யோசிக்கவில்லை. வாழ்நாளில் ஒருமுறை உண்மையைச் சொன்னார், அது நேராகப் போய் அந்தப் பெண்ணின் மதிப்பெண்ணில் விழுந்திருந்தது. எந்தப் பதிலைச் சொன்னாலும் அது தப்பாகிவிடும் இடத்துக்கு அவள் எப்படி வந்து சேர்ந்தாள் என்று அவளுக்கே புரியவில்லை.

"காலையில நீங்க என் கண்டுபிடிப்பைக் கேட்டீங்க," என்றார் ஏகாம்பரம். "என்னைக் கேட்கல. கேட்டிருந்தா அப்பவே சரின்னிருப்பேன்."

அது பொய். காலையில் கேட்டிருந்தால் எட்டு என்றுதான் சொல்லியிருப்பார். நடேசனுக்கும் அது தெரியும். ஆனால் நடேசனுக்கு ஐந்தே முக்கால் ரயில், வெளியே கார் நின்றுகொண்டிருந்தது, சால்வையோடு கல்லூரிச் செயலாளரின் ஆள் வராந்தாவில் காத்திருந்தான். அவர் தாளைத் தன் பக்கம் இழுத்து, ஒரு நீதிபதியின் நிதானத்தோடு கணக்குப் போட்டார். காலையில் சொன்னது பேராசிரியரின் கருத்தோடு ஒத்துப்போகிறது, ஆகவே அரை மதிப்பெண். இப்போது சொன்னது பாடப்புத்தகத்தோடு ஒத்துப்போகிறது, ஆகவே அரை மதிப்பெண். கூட்டினால் ஒன்று.

நடேசன் எட்டை ஒன்பதாக்கி, அதன்மேல் பேனாவை ஓட்டினார். ஏகாம்பரம் கையெழுத்துப் போட்டார். குறிப்புகள் என்று தாளின் அடியில் ஒரு கட்டம் உண்டு. முப்பத்தெட்டு வருடத்தில் யாரும் அதில் எதையும் எழுதி அவர் பார்த்ததில்லை. அதில், ஸ்பீனாய்டு ஏழு மாதம் முடிந்து ஒட்டுகிறது, இது பற்றி முன்பு நான் எழுதியது தவறு என்று எழுதி, பெயரைப் போட்டார். நடேசன் அதைப் படித்தார். படிக்காதவர் போலத் தன் கையெழுத்தையும் போட்டு உறையில் வைத்து ஒட்டினார். பல்கலைக்கழகத்தில் குறிப்புகளை யாரும் படிப்பதில்லை என்பது அவருக்கு ஆறுதல். ஏகாம்பரத்துக்கு அதுவே வருத்தம்.

கார் கிளம்பியபின் வராந்தாவில் யுவராணி நின்றுகொண்டிருந்தாள். கையில் பாடப்புத்தகம். பாஸா என்று கேட்க வந்து, கேட்க முடியாமல் நின்றாள். முடிவு நெட்டில் வரும் வரை சொல்லக்கூடாது என்று விதி. ஏகாம்பரம் பாஸ் என்றார்.

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் மூச்சை மட்டும் விட்டாள். போனை எடுத்து அம்மாவுக்கு அடித்தாள். அம்மா எடுக்கவில்லை. டூட்டியில் இருப்பாள், எடுக்க மாட்டாள் என்று தானே சொல்லிக்கொண்டாள். பிறகு புத்தகத்தை மார்போடு வைத்துக்கொண்டு, தயங்கி, சார், அப்ப எதுதான் சார் சரி என்று கேட்டாள்.

"நீ காலையில சொன்னது."

"அப்ப புத்தகத்துல இருக்கறது?"

"அது நான் சொன்னது."

அவள் அதை யோசித்துப் பார்த்தாள். ஏகாம்பரம் கையை நீட்டினார். அவள் புத்தகத்தைக் கொடுத்தாள். பக்கம் தேட வேண்டியிருக்கவில்லை, அந்த இடத்தில் புத்தகம் தானாகவே திறந்தது. பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து, அந்த வரியை முழுதாக, அடைப்புக்குறியோடு சேர்த்து நேராக அடித்தார். அலுப்பு கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது.

"சார்," என்றாள் யுவராணி மெதுவாக, "அது லைப்ரரி புக் சார்."